எழுபது நாளும் ஒரு பெயரும்

போர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்திலே தோன்றுவன வாளும் வேலும், தானையும் தலைவருமாம். இக்காலப் போராயின் பீரங்கியும் விமானமும் தோன்றும். புறப்பொருள் இலக்கணத்தைப் பல்லாண்டு மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லிவந்த என் போன்றோருக்கு இப்பழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றியுள்ளது. வெட்சி முதலாக எத்திணையை நோக்கினும் படைக்கலம் ஏந்தியவரே முன்னிற்கின்றனர். படைக்கலம் ஏந்தாது, எவர்மீதும் சினங் கொள்ளாது, கூலிக்குத் தம் தொழிலைச் செய்துகொண்டிருந்த வேளையிற் போருக்கு இரையானவனுக்கு அங்கே ஒரு துறை காண்டல் அரிது.

இரண்டாம் உலகப் போரில் அத்தகையோர் பல்லாயிரவர் கடலில் மாண்டனர். கரியும் கோதுமையும், எண்ணெயும் இறைச்சியும் ஏற்றிச் சென்ற பிரித்தானிய வணிகக் கப்பல்களில் உழைத்தோருள் ஏறத்தாழ 30,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோருக்குக் கல்லறை இல்லை. எவ்வாறு இறந்தனர் என்பதற்குச் சான்றும் இல்லை. கப்பல் புறப்பட்டது, வந்து சேரவில்லை, அவ்வளவே செய்தி.

அவர்களுள் ஒருவனைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். அவன் பெயர் ரோய் விடிகோம். வேல்ஸ் நாட்டின் நியூபோட் துறைமுக நகரிலே மனைவியோடு குடியிருந்த இருபதுகளிலான இளைஞன். ஆயிரவருள் அவனைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போர்க்காலக் கடல் அவனை இருமுறை பற்றியது. முதன்முறை அவன் பட்ட துயரத்தை நாள் நாளாக நாம் அறிவோம். இரண்டாம் முறை நிகழ்ந்ததைப் பற்றி ஒன்றுமே அறியோம். இவ்விரண்டினையும் அருகருகே வைத்து நோக்கினாலன்றிக் கடலில் மாண்டோரின் கதை நமக்கு விளங்காது என்பது என் துணிபு.

கரியும் கடலும்

தென்வேல்ஸ் பிரதேசம் மலைகளும் ஒடுங்கிய பள்ளத்தாக்குகளும் நிறைந்தது. அப்பள்ளத்தாக்குகளின் அடியிலே கிடந்த நிலக்கரி, நீராவிக் கப்பல்களுக்கு மிகவும் உகந்தது என்று உலகெங்கும் புகழ் பெற்றிருந்தது. சுரங்கத்திலிருந்து புகையிரதத்தில் ஏறிய கரி, காடிவ், பரி, நியூபோட், சுவான்சி ஆகிய துறைமுகங்களை அடைந்து, அங்கிருந்து உலகின் நானா திசைகளுக்கும் சென்றது. 1913-ஆம் ஆண்டிலே பரி என்னும் ஒரே துறைமுகத்தின் வழியாக ஏறத்தாழ 110 இலட்சம் தொன் கரி ஏற்றுமதியாயிற்று.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் அவ்வாணிகம் தளர்ந்தது. கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின, வேறு நாடுகளும் கரி விற்கத் தொடங்கின, வேலையின்மை பெருகிற்று. ஆயினும் அந்நாட்டு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னே கிடந்த வழிகள் சிலவே. பள்ளத்தாக்கிற் பிறந்தவன் மண்ணுக்குள் இறங்கினான். துறைமுகத்தில் வாழ்ந்தவன் கப்பலில் ஏறினான். காடிவ் துறைமுகப் பகுதியிலே சோமாலியரும் யேமனியரும் மேற்கிந்தியத் தீவினரும் வேல்ஸ் மக்களுடன் கலந்து குடியேறி, ஒரே கப்பல்களிற் கூலிபெற்று உழைத்தனர். கடல் அவர்களுக்கு வீரப்புகழ் ஈட்டும் களம் அன்று, வயிற்றுப்பாட்டுக்குரிய வயல்.

கப்பல் அழிந்த இரவு

1940-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நியூபோட்டிலிருந்து ஆங்கிலோ சாக்சன் என்னும் சரக்குக் கப்பல் புறப்பட்டது. ஏற்றியிருந்தது கரி; சென்றடைய வேண்டிய துறை ஆர்ஜென்டீனா நாட்டின் பாகியா பிளாங்கா. நாற்பது பேரளவில் அதிற் பணிபுரிந்தனர். விடிகோம் அவர்களுள் ஒருவன். ரொபேட் டாப்ஸ்கொட் என்னும் பத்தொன்பது வயது இளைஞன், காடிவ் நகரத்தவன், மற்றொருவன். கப்பலின் பிற்பகுதியில் ஒரு பீரங்கி பொருத்தப்பட்டிருந்தது. அதனைத் தவிர அது போருக்கு எவ்வகையிலும் உரியதன்று.

ஆகஸ்ட் 21-ஆம் நாள் இரவு எட்டு மணியளவில், அசோரஸ் தீவுகளுக்குத் தொலைவில், நடு அத்திலாந்திக்கிலே, இருளினின்றும் மற்றொரு கப்பல் வெளிப்பட்டது. அது விடர் என்னும் ஜேர்மன் கப்பல். பார்வைக்குச் சரக்குக் கப்பல், மெய்யிலே போர்க்கப்பல். முன்பு வாணிகத்துக்குப் பயன்பட்ட அதனை ஜேர்மன் கடற்படையினர் மாற்றியமைத்து, பொய்த் தட்டிகளின் பின்னே பெரிய பீரங்கிகளை மறைத்து, வேற்றுக் கப்பலின் கோலம் பூட்டிக் கடலில் உலவவிட்டனர். இத்தகைய கப்பலின் வலிமை முழுவதும் மறைவிலேயே தங்கியிருந்தது. தாக்குண்ட கப்பல் வானொலி வழியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டால், அதன் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும். ஆகவே, எச்செய்தியும் எழுமுன்னரே எதிரியின் நாவை அறுத்துவிடுவது அதன் முறை. வேட்டைக்கு வந்த அக்கப்பல் ஓராண்டுக்குள்ளாகப் பத்துக் கப்பல்களை அழித்தோ கைப்பற்றியோ உள்ளது.

முதல் குண்டுகளே ஆங்கிலோ சாக்சனின் பின்புறத்துப் பீரங்கியையும், அதன் கீழே தங்கியிருந்தவரையும் அழித்தன. பின்னர் இயந்திரத் துப்பாக்கிகள் மேற்றளத்தைத் துழாவின. உயிர்தப்பும் பெரும்படகுகள் பயன்படாது போயின. சிறு படகொன்றை மாத்திரம் கப்பலின் மறுபக்கத்து இருளிலே இறக்க முடிந்தது. அதில் ஏறினோர் எழுவர்: கப்பலின் முதலாம் துணைவர், மூன்றாம் பொறியியலாளர், வானொலிப் பணியாளர், பீரங்கிக்காரர், சமையற் பணியாளர், விடிகோம், டாப்ஸ்கொட். ஏனையோர் அனைவரும் அன்றிரவே அழிந்தனர்.

எழுவர் இருவரானமை

படகின் நீளம் 18 அடி. அதிலிருந்த உணவு இறைச்சித் தகரம் மூன்று, பாற்றகரம் பதினொன்று, விசுக்கோத்து ஏறத்தாழ 32 இறாத்தல். குடிநீர் நாலு கலன். ஏழுபேருக்கு இது எத்தனை நாளைக்குப் போதும் என்பதைக் கணக்கிடக் கல்வி வேண்டுவதில்லை.

முதலாம் துணைவர் அறிவும் ஒழுங்கும் வாய்ந்தவர். கிழக்கே ஆபிரிக்கா இருப்பினும் காற்று எதிராக இருந்தமையால், மேற்கே செல்வதென்று துணிந்தார். வியாபாரக் காற்று என்று பூமிசாத்திர நூலார் கூறும் வடகிழக்குக் காற்று அத்திலாந்திக்கின் அப்பகுதியில் ஓயாது மேற்குநோக்கி வீசுவது. பாய் ஒன்றும் திசையறி கருவி ஒன்றும் இருந்தன. காலையும் மாலையும் ஒவ்வொருவருக்கும் சிறு வாயளவு நீரும், விசுக்கோத்தில் ஒரு துண்டும் என்று வகுத்தார். நாள்தோறும் நிகழ்ந்ததை எழுதியும் வைத்தார். படகின் விளிம்பிலே நாளுக்கொரு வெட்டாகக் கணக்கும் இடப்பட்டது.

அந்த நாட்குறிப்பு கிடைத்திருப்பதனாலேயே அப்படகில் நிகழ்ந்தவற்றை நாம் அறிகின்றோம். வானொலிப் பணியாளரின் காலிலே குண்டுக் காயம். மருந்தின்றி அது அழுகிற்று. அவர் தம் வேதனையைப் பிறர்க்குச் சுமையாக்காது பொறுத்திருந்து முதலில் மாண்டார். அடுத்துப் பீரங்கிக்காரர் கடலில் வீழ்ந்து மறைந்தார். நீர் முற்றாகத் தீர்ந்தபின், நோயுற்று மெலிந்த முதலாம் துணைவர், இனித் தாம் பிழைத்தல் இயலாதெனக் கண்டு, தம் மோதிரத்தைக் கழற்றித் தாயிடம் சேர்க்குமாறு விடிகோமிடம் கொடுத்தார். பின்பு அவரும் பொறியியலாளரும் ஒன்றாகவே கடலில் இறங்கிவிட்டனர். சமையற் பணியாளர் சித்தங் கலங்கி, தெருவழியே சென்று ஏதேனும் குடித்து வருவதாகச் சொல்லிப் படகின் விளிம்பைக் கடந்து அடியெடுத்து வைத்தார். இவையெல்லாம் மூன்று வாரம் நிறையுமுன்னரே நிகழ்ந்தன.

எஞ்சியவர் இளைஞர் இருவரே. எழுதும் பணி விடிகோமின் கைக்கு வந்தது. கற்றறிந்த அதிகாரியின் கணக்கான எழுத்துக்குப்பின் ஒரு சாதாரண மாலுமியின் எழுத்துத் தொடர்ந்தது. நீர் இல்லை, விசுக்கோத்து இல்லை, ஆயினும் கரையை அடைவோம் என்ற நம்பிக்கை இருக்கின்றது என்னும் கருத்துப்பட அவன் எழுதிய குறிப்பொன்று, செப்டெம்பர் மாதத்து இறுதிக் குறிப்புகளுள் ஒன்று. அதன்பின் எழுதவும் வலி இல்லாது போயிற்று.

தாகம் மீதூர்ந்தபோது திசையறி கருவியிலிருந்த மதுசாரத்தையும் குடித்தனர். அதன்பின்னரே மழை பெய்தது. மழைநீரைச் சேர்த்துவைத்துப் பருகினர். மிதந்துவந்த கடற்பாசியையும் அதில் ஒட்டியிருந்த சிற்றுயிர்களையும், படகினுள் துள்ளி வீழ்ந்த பறவைக்கோலா மீனையும் உண்டனர். புயலிற் சிக்கினர். தம்முட் சினந்து சண்டையும் இட்டனர். இதனை மறைப்பதற்கில்லை. பெருந்துன்பத்திலே மனிதர் தேவராகிவிடுவதில்லை. மனிதராகவே இருந்து, மறுநாளும் ஒருவருக்கொருவர் துணையாவதே பெரிது.

ஒக்டோபர் 30-ஆம் நாள், பகாமாத் தீவுகளுள் ஒன்றாகிய எலுதெராவின் மணற்கரையிலே படகு தட்டியது. கடலில் இறங்கியதிலிருந்து எழுபது நாட்கள். கடந்த தூரம் இரண்டாயிரம் மைலுக்கு மேல். அத்தீவின் விவசாயி ஒருவர் கரையிற் கிடந்த இருவரையும் கண்டார். நாசோ நகரத்து வைத்தியசாலைக்கு அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அப்போது பகாமாவின் தேசாதிபதியாக இருந்த வின்சர் கோமகன் மனைவியுடன் வந்து அவர்களைப் பார்த்தார். பத்திரிகைகள் அவர்கள் பெயரை உலகறியச் செய்தன.

மீண்டவன் மீண்டும் சென்றமை

கதை இங்கே முடிந்திருப்பின் அது ஓர் அற்புதக் கதையாக நின்றிருக்கும். கடலை வென்ற இளைஞர் என்று நாமும் புகழ்ந்து அமைந்திருப்போம்.

டாப்ஸ்கொட்டின் உடலும் உள்ளமும் எளிதில் தேறவில்லை. விடிகோம் விரைவிலே தேறினான். நியூயோர்க் சென்று, அங்கிருந்து தாயகம் நோக்கிச் சியாமீஸ் பிரின்ஸ் என்னும் கப்பலிற் புறப்பட்டான். பிரித்தானியா ஒரு தீவு. மனைவியிடம் மீள விரும்பிய மாலுமிக்கும் வழி ஒன்றே. எழுபது நாள் தன்னை வதைத்த அதே அத்திலாந்திக்குக் கடல்தான். அதைக் கடக்க அவன் அஞ்சினானா, அஞ்சாது சென்றானா என்று கற்பனை செய்ய எனக்கு மனமில்லை. சென்றான் என்பது மாத்திரமே மெய்.

1941-ஆம் ஆண்டு பெப்ருவரி 17-ஆம் நாள், ஸ்கொத்லாந்துக்கு வடமேற்கே, யூ-69 என்னும் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் சியாமீஸ் பிரின்ஸைக் குண்டெறிந்து மூழ்கடித்தது. அதிலிருந்தோருள் ஒருவரும் பிழைக்கவில்லை. எலுதெராவின் மணலில் அவன் கால் வைத்ததிலிருந்து அன்றைக்கு 110 நாட்களே ஆகியிருந்தன. பயணம் முடியும் தறுவாயில் இருந்தது.

இம்முறை நாட்குறிப்பு இல்லை. படகின் விளிம்பிலே வெட்டுகள் இல்லை. கரைசேர்ந்து கதை சொல்ல ஒருவரும் இல்லை. முதற் கப்பல் அழிந்தபோது விடிகோம் என்ன உண்டான், என்ன குடித்தான், யாருடன் பிணங்கினான் என்பதெல்லாம் நாம் அறிவோம். இரண்டாம் கப்பல் அழிந்தபோது உடனே மாண்டானா, மறுபடியும் ஒரு படகில் ஏறி மறுபடியும் நாளெண்ணத் தொடங்கினானா என்பதை அறிய வழியே இல்லை. அதே மனிதன், அதே கடல், அதே போர். வேறுபாடு ஒன்றே: முன்னதற்குச் சான்று பகர ஒருவன் எஞ்சினான், பின்னதற்கு எவரும் எஞ்சவில்லை.

கூலியாளின் போர்

இம்மனிதர் எந்நிலையில் வாழ்ந்தனர் என்பதையும் வாசகர் அறிதல் வேண்டும். அவர்கள் படையினர் அல்லர் என்றேன். சீருடை இல்லாமையால், விடுமுறையில் ஊர்த் தெருவில் நடந்த இளம் மாலுமியைப் போருக்குப் பயந்து ஒளிந்தவன் என்று ஏசியவர்களும் இருந்தனர். அதனாலேயே 1940-இல் வணிகக் கப்பலோட்டிகளுக்கென்று சட்டையில் அணியும் சிறு சின்னம் ஒன்று வழங்கப்பட்டது.

கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளமும் மூழ்கிற்று என்று ஒரு பேச்சுண்டு. அது முற்றும் உண்மையன்று; முற்றும் பொய்யுமன்று. பழைய சட்டப்படி கப்பல் அழிந்தால் வேலை ஒப்பந்தமும் முடிந்துவிடும். 1925-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அவ்வாறு வேலையிழந்தவர்க்கு வேலையற்றிருக்கும் நாட்களுக்காக, இரண்டு மாதத்துக்கு மேற்படாமற் சம்பளம் பெறும் உரிமையை அளித்தது. 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த ஆணைக்குப் பின்னரே, ஒரு பயணத்துக்கும் மறுபயணத்துக்கும் இடையிலும் தொடர்ந்த வேலையும் ஊதியமும் அவர்களுக்கு உறுதியாயின. ஆங்கிலோ சாக்சன், சியாமீஸ் பிரின்ஸ் ஆகிய இரண்டும் அவ்வாணைக்கு முன்னரே அழிந்தவை.

பணியாற்றியவருட் சிறுவரும் இருந்தனர். அதே நியூபோட் நகரத்தவனாகிய ரேமண்ட் ஸ்டீட் என்னும் சிறுவன், எம்பயர் மோர்ன் என்ற கப்பலின் சமையற்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்தவன். 1943-ஆம் ஆண்டு ஏப்ரில் 26-ஆம் நாள், மொரொக்கோ நாட்டுக் காசபிளாங்காவுக்கு அப்பாற் கடலில் வைக்கப்பட்ட கண்ணிவெடியில் அக்கப்பல் மோதியபோது இறந்தான். அன்று அவனுக்கு வயது 14 ஆண்டும் 207 நாளும். நம் பாடசாலைகளில் ஒன்பதாம் வகுப்பிலே அமர்ந்திருக்கும் பிள்ளையின் வயது. அவனுக்கேனும் காசபிளாங்காவில் ஒரு கல்லறை உண்டு.

எதிர்ப்புறத்தையும் மறத்தல் நீதியன்று. ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களிற் கடலுக்குச் சென்றோருள் நாலில் மூன்று பங்கினர் மீளவில்லை. அவர்களிலும் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவரே. கடல் இருசாராரையும் ஒரே தன்மையாக மூடிக்கொண்டது.

எஞ்சியவன் சொன்ன சான்று

பிழைத்திருந்த டாப்ஸ்கொட் பின்னர்க் கனடாவின் படையிற் சேர்ந்து, பின்பு வேல்ஸுக்கு மீண்டான். விடரின் தலைவராயிருந்த ஹெல்முத் வொன் ரக்டெஷெல், 1947-ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரில் பிரித்தானிய இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். ஆங்கிலோ சாக்சனைத் தாக்கியபின் அதில் உயிர்தப்பியவரின் பாதுகாப்புக்கு ஒன்றும் செய்யாது விட்டமை அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. டாப்ஸ்கொட்டின் சாட்சியம் அவ்வழக்கிற் பயன்பட்டது. பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டுப் பின்பு ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது. 1948-இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

ஒருவன் எஞ்சியிருந்தமையால் ஒரு வழக்கு நிகழ்ந்தது. எவரும் எஞ்சாத கப்பல்களுக்காக வழக்காட யார் உளர்? நீதிக்கும் வரலாற்றுக்கும் முதற் பொருள் சான்று. சான்று கடலோடு போனபின், குற்றம் இழைக்கப்பட்டதா இல்லையா என்று கேட்கவும் இயலாது. எஞ்சியவனும் எளிதாக எஞ்சவில்லை. எழுபது நாளின் சுமையைத் தனியே சுமந்தபடி வாழ்ந்து, 1963-ஆம் ஆண்டில், நடுவயதிலேயே டாப்ஸ்கொட் மறைந்தான்.

அவர்கள் வந்த படகு, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து, பின்னர் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பதினெட்டடிப் படகு, அவ்வளவே. எழுவர் அதில் எவ்வாறு காலை நீட்டிக் கிடந்தனர் என்று எண்ணினால் நெஞ்சு நடுங்கும்.

பெயர் நிற்கும் இடம்

லண்டன் மாநகரிலே, பழைய கோட்டைக்கு அருகில், டவர் ஹில் என்னுமிடத்தில் வணிகக் கப்பலோட்டிகளின் நினைவிடம் உள்ளது. முதலாம் உலகப் போரில் மாண்ட ஏறத்தாழ 12,000 பேருக்கு 1928-ஆம் ஆண்டிலும், இரண்டாம் போரில் மாண்ட ஏறத்தாழ 24,000 பேருக்கு 1955-ஆம் ஆண்டிலும் அது திறந்துவைக்கப்பட்டது. கடலன்றி வேறு கல்லறை இல்லாதவருக்கே அது உரியது. வெண்கலத் தகடுகளிலே பெயர்கள் கப்பல் வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கப்பல்கள் அகரவரிசை முறையில் அமைந்துள்ளன.

நம் முன்னோர் வீழ்ந்தவனுக்குக் கல் தேடி, நீராட்டி, பெயரும் சிறப்பும் பொறித்து நட்ட முறையைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலையாகக் கூறினார். வீழ்ந்த இடம் தெரிந்திருந்தது. செய்த செயலும் தெரிந்திருந்தது. ஆதலின் கல்லிலே பெயரோடு சிறப்பும் பொறிக்க முடிந்தது. டவர் ஹில்லிலோ பெயர் மாத்திரமே உண்டு. சிறப்பைச் சொல்லச் சான்று இல்லை. அது அமைத்தவரின் குறையன்று, கடலின் இயல்பு.

அங்கே கப்பல் வாரியாகப் பெயர் அமைந்தமையால் ஒரு விளைவு நேர்ந்துளது. படகிலே மாண்ட வணிகக் கப்பற் பணியாளரின் பெயர்கள் ஆங்கிலோ சாக்சன் என்னும் தலைப்பின்கீழ், வரிசையின் தொடக்கத்தில் நிற்கின்றன. விடிகோமின் பெயரோ சியாமீஸ் பிரின்ஸ் என்பதன்கீழ், வெகுதூரம் தள்ளி நிற்கின்றது. ஒரே படகில் நீரைப் பங்கிட்டவர்கள் சுவரிலே பிரிந்துள்ளனர். அப்பெயரைப் படிப்பவருக்கு, இவன் எழுபது நாள் கடலோடு போராடியவன் என்று அத்தகடு சொல்லாது. சூழ உள்ள பெயர்களைப் போன்றே அதுவும் ஒரு பெயர்.

நான் சொல்ல வந்தது இதுவே. விடிகோமின் பெயருக்குப் பின்னே எழுபது நாள் உண்டு என்பதை நாம் அறிவோம், அறிந்தது தற்செயலாக. அதன் அருகிலுள்ள பெயர்களுக்குப் பின்னே எழுபது நாளோ, ஏழு நாளோ, ஒரு நாழிகையோ, என்ன இருந்தது என்பதை அறியோம். அறியாமையினால் அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு பெயரிடத்தும் பங்கிட்ட நீர் உண்டு. தாய்க்கு அனுப்பிய மோதிரம் உண்டு. சித்தங் கலங்கிய ஒருவனின் கடைசிச் சொல் உண்டு. கேட்டவர் இல்லை, அவ்வளவே.

பிரித்தானியாவில் 2000-ஆம் ஆண்டு முதலாக, செப்டெம்பர் 3-ஆம் நாளை வணிகக் கப்பலோட்டிகளின் நாளாகக் கொண்டாடி வருகின்றனர். 1939-இல் போர் தொடங்கிய அந்நாளிலேயே அதீனியா என்னும் பயணிகள் கப்பல் நீர்மூழ்கியினால் தாக்குண்டமையை ஒட்டி அந்நாள் தெரியப்பட்டது. நம் மாணவர் உலகப் போரின் வரலாற்றைப் படிக்கும்போது தளபதிகளின் பெயரையும் போர்கள் நிகழ்ந்த இடங்களையும் நெட்டுருச் செய்கின்றனர். அவற்றோடு, நியூபோட்டிலிருந்து கரி ஏற்றிச் சென்ற ஒரு கப்பலின் பெயரையும், அதன் படகிலே நம்பிக்கை தளராது ஒருவரி எழுதிவைத்த ஒரு மாலுமியின் பெயரையும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பாராயின், போர் என்பது யாரை உண்கின்றது என்பது அப்பிள்ளைகளுக்குத் தானே விளங்கும்.